சுவரில் மாட்டிய அலை

“கண்ணாடி உடைஞ்சிருக்கு” என்றாள் தஃபீதா.

படச் சட்டம் போடும் கராபெத், சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தார். சட்டத்தைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். நான்கு மூலையிலும் விரலால் தட்டிப் பார்த்தார்.

“எங்க?”

“இன்னும் உடையல. உடைஞ்சிரும்போல இருக்கு.”

“யார் சொன்னா?”

“எனக்கே தோணுது. மாத்திருங்க. அவசரமே இல்ல. ஒரு பதினஞ்சு நாள் ஆகும்ல?”

“ஒரு கண்ணாடிக்கா மதாம்? அரை மணி நேரம். உக்காருங்க, காப்பி சொல்றேன்.”

“உக்காரல்லாம் நேரமில்ல. நீங்க அவசரப்படாதீங்க. உங்களுக்கும் வயசாகுது.”

“எனக்கு வயசாகுதுன்னு சொல்லத்தான் டிராம் ஏறி வந்தீங்களா?”

ரம்ல் டிராம் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையில் மாட்டியிருந்த எல்லாச் சட்டங்களுக்குள்ளும் மணமக்கள் இருந்தார்கள். அலெக்சாந்திரியாவில் பாதிப் பேருடைய கல்யாணம் கராபெத் போட்ட கண்ணாடிக்குப் பின்னால்தான் மங்கிக்கொண்டிருந்தது. தஃபீதா கொண்டுவந்த சட்டத்துக்குள் மட்டும் மனிதர் யாரும் இல்லை. நீல மையில் எட்டுக் கோடுகள். மேலே ஆறு கோடுகளும் சும்மா நெளிந்துகொண்டிருந்தன. கீழே இரண்டு கோடுகள், பின்மண்டையிலிருந்து வருபவை, சீப்புப் பல் மாதிரி ஒரே அளவில் ஏறி இறங்கின. வினாடிக்குப் பத்து. கொஞ்சம் பருத்து, கொஞ்சம் மெலிந்து, மறுபடி பருத்து. கடற்கரைச் சாலையில் நின்றால் காலைக் கடல் இப்படித்தான் இருக்கும்.

அது ஒரு மூளையின் அலை. கண்ணை மூடி, மனசு எதையும் துரத்தாமல் சும்மா இருக்கும்போது வருகிற அலை. ஆல்ஃபா என்பார்கள். கண்ணைத் திறந்தால் போய்விடும். கணக்குப் போட்டாலும் போய்விடும்.

இருபத்தேழு வருஷமாக அது நரம்பியல் துறைத் தலைவர் டாக்டர் ராஃபத்தின் அறைச் சுவரில் தொங்கியது. தினமும் காலையில் அவர் வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைப்பார். ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். பிறகுதான் நாற்காலி. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால், “அவருக்கு அவர் மூளைமேலேயே காதல்” என்று சிரிப்பார்கள்.

அது அவருடைய மூளை இல்லை என்பது தஃபீதாவுக்கு மட்டும் தெரியும். அவளுடையது.

நடந்தது இதுதான். ஐம்பத்தேழாம் வருஷம் நவம்பரில், மூளை அலையைத் தாளில் எழுதும் அந்த இயந்திரம் கப்பலில் வந்து இறங்கியது. தஃபீதாவுக்கு இருபத்திரண்டு வயது. பயிற்சி முடித்து வந்திருந்த ஒரே தொழில்நுட்பப் பெண். திறப்புவிழா அன்று காலை, யாரும் வருவதற்கு முன்னால், எழுதுகோல்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்க ரப்பர் தொப்பியைத் தானே மாட்டிக்கொண்டு ஒரு தாள் எடுத்தாள். பிறகு டாக்டர் வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் தொப்பி மாட்டிப் படுத்தார். அவருக்கு ஒரு தாள். அதற்குள் கல்லூரி முதல்வர் மாலையோடு வந்துவிட, வெளியே ஒரே சத்தம். “எங்க என் தாள்?” என்று டாக்டர் கையை நீட்டினார். தஃபீதா தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

“இதுவா?” என்றார் அவர், தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து.

“இதுதான் டாக்டர்.”

ஒரு வாரம் கழித்துத் தட்டைச் சுத்தம் செய்தபோது அடியில் இன்னொரு தாள் கிடந்தது. அதன் ஓரத்தில் அவளே பென்சிலில் எழுதியிருந்தாள்: ‘டாக்டர் ராஃபத், கண் மூடி.’ அந்தத் தாளில் ஆல்ஃபாவே இல்லை. எட்டுக் கோடுகளும் படுத்த பாயாக இருந்தன. அது நோயில்லை. பத்துப் பேரில் ஒருவருக்கு அப்படித்தான். ஆனால் அதற்குள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, முதல்வர் பார்த்துவிட்டு, “உம்மோடதா? அடேயப்பா, என்ன ஒரு நிம்மதியான மூளை” என்று சொல்லி, டாக்டரும் சிரித்து, பஸ்பூஸா இனிப்பு விநியோகமும் முடிந்திருந்தது.

தஃபீதா அப்போது போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த வாரம் அவளுக்கு நிச்சயதார்த்தம். சுங்கத்துறை அன்வரோடு. இனிப்புத் தட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனவள் சுவரைப் பார்த்தாள், இனிப்பை நீட்டினாள், வாயைத் திறக்காமல் வந்துவிட்டாள்.

அவள் எடுக்கிற ஒவ்வொரு தாளிலும், எழுதுகோல் ஓட ஆரம்பித்ததுமே ஓரத்தில் பெயரையும் நிலையையும் பென்சிலில் எழுதிவிடுவாள். அது அந்தத் தொழிலின் முதல் பாடம். சுவரில் இருந்த தாளில் அந்த ஓரம் தெரியவில்லை. சட்டம் போட்ட கராபெத் படிக்காமலே வெட்டித் தள்ளியிருப்பார். டாக்டரோ அன்று மூக்குக்கண்ணாடி போடாமலே தாளை வாங்கிக்கொண்டு போனார். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் இருபத்தேழு வருஷம் தூங்கினாள்.

இப்போது டாக்டருக்கு அறுபது. வியாழக்கிழமை பிரிவுபசாரம். இளைய டாக்டர் நிஹாதுக்கு ஒரு யோசனை உதித்தது.

“டாக்டர், உங்க ஆல்ஃபாவை எல்லார் முன்னாடியும் மறுபடி எடுக்கலாம். பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டலாம். ஒரு மனுஷனோட ஆல்ஃபா ஆயுசுக்கும் மாறாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க.”

“எதுக்கும்மா இதெல்லாம்” என்றார் டாக்டர்.

“முதல்வர்கிட்ட சொல்லிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்.”

டாக்டர் தஃபீதாவைப் பார்த்தார். தஃபீதா தரையைப் பார்த்தாள்.

“நீங்க என்ன சொல்றீங்க தஃபீதா?”

“நான் என்ன சொல்ல டாக்டர்” என்றாள். அவளுக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. முதல்வர், இருபது மாணவர்கள், ஒரு பக்கம் கடல் அலை, ஒரு பக்கம் படுத்த பாய். ஒன்று, டாக்டருக்கு மூளை போய்விட்டது என்று ஊரே பரிதாபப்படும், அவரும் அதை நம்பிவிடுவார். இல்லையென்றால், இருபத்தேழு வருஷமாக வேறு யாருடைய மூளையையோ துடைத்துக்கொண்டிருந்தார் என்று ஊரே சிரிக்கும். எதுவானாலும் வியாழக்கிழமையோடு அவர் தலை குனிந்துதான் அந்தக் கட்டடத்தை விட்டுப் போக வேண்டும்.

பழைய தாள் சுவரில் இல்லையென்றால் ஒப்பிட ஒன்றுமில்லை. அதனால்தான் அன்று சட்டம் கராபெத் கடைக்கு வந்தது.

“அவசரமில்லன்னு நீங்களே அவர்கிட்ட சொன்னீங்களா?” என்று டாக்டர் மறுநாள் கேட்டார், வெறும் சுவரைப் பார்த்தபடி.

“சொன்னேன் டாக்டர்.”

“நல்லது. இன்னொரு தடவையும் சொல்லி அனுப்புங்க. நல்ல வேலைக்காரர் அவசரப்படக்கூடாது.”

பாவம், ஒன்றும் தெரியாத மனுஷர் என்று தஃபீதா நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே கராபெத் வந்துவிட்டார். கையில் ஒன்றுக்கு இரண்டு சட்டங்கள்.

“அந்த டாக்டரம்மா போன் பண்ணாங்க. ஒரே மரத்துல, ஒரே அளவுல இன்னொண்ணு வேணும்னாங்க, புதுத் தாளுக்கு. அன்பளிப்பா வச்சுக்கட்டும்னு நானே செஞ்சுட்டேன். பழசுக்கும் புதுக் கண்ணாடி. உள்ள இருக்கறதை அப்படியே வச்சிருக்கேன் டாக்டர், எதையும் வெட்ட—”

டாக்டருக்கு இருமல் வந்துவிட்டது.

“டீ குடிங்க கராபெத், முதல்ல டீ குடிங்க. மஹ்ரூஸ், இவருக்கு ஒரு டீ.”

மஹ்ரூஸ் அந்தத் தளத்துக்கே டீ போடுகிறவர். நடையின் கோடியில் ஒரு ஸ்டவ், ஒரு தட்டு, பன்னிரண்டு கண்ணாடி டம்ளர். யாருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்பது மருத்துவமனைக் கோப்புகளில் இருக்காது, மஹ்ரூஸ் தலையில் இருக்கும்.

ஆக இப்போது சுவரில் கடல் அலை. பக்கத்தில், வாயைத் திறந்துகொண்டு ஒரு வெறுஞ்சட்டம்.

அன்று மத்தியானம் தஃபீதா எழுதுகோல்களைக் கழுவாமல் விட்டாள். வெயிலில் வேறு வைத்தாள். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை. மை காய்ந்து எட்டும் அடைத்துக்கொண்டன.

“மெஷின் போயிருச்சு டாக்டர் நிஹாத். வயசாயிருச்சு அதுக்கும். வியாழக்கிழமை முடியாது.”

நிஹாத் வெள்ளைக் கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். ஊசிக்குள் விடுகிற மெல்லிய கம்பியை எடுத்தாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குத்திக் கழுவினாள். எட்டும் முன்பைவிட மெல்லிசாக, முன்பைவிடத் தெளிவாக எழுத ஆரம்பித்தன.

“மதாம், இவ்வளவு வருஷமா பாதி அடைச்சிக்கிட்டேதான் ஓடியிருக்கு. இப்ப மூளைக்குள்ள எறும்பு போனாலும் காட்டும்.”

“கடவுள் உனக்கு நீண்ட ஆயுசு தரட்டும்” என்றாள் தஃபீதா. வேறென்ன சொல்வது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. டாக்டருக்கு எப்படியாவது ஆல்ஃபாவை வரவழைக்க வேண்டும். கொஞ்சமாவது. முழுக் கடல் வேண்டாம், ஒரு வாய்க்கால் போதும். புதன்கிழமை நோயாளிகள் போன பிறகு கேட்டாள்.

“ஒரு ஒத்திகை பார்த்துக்கலாமா டாக்டர்? யாரும் இல்லாதப்போ.”

“பார்த்துக்கலாம்” என்றார் அவர், உடனே. “யாரும் இல்லாதப்போன்னா ரொம்ப நல்லது.”

காப்பி கொடுக்கக்கூடாது என்று மஹ்ரூஸிடம் சொல்லிவிட்டு, சோம்பு வேகவைத்த தண்ணீர் பெரிய டம்ளரில் கொண்டுவரச் சொன்னாள். அதற்குமேல் ஒரு டம்ளர் சீமைச் சாமந்திக் கஷாயம். டாக்டர் இரண்டையும் குடித்துவிட்டுப் படுத்தார். அவள் பசை வைத்துக் கம்பிகளை ஒட்டினாள். நரைத்துப்போயிருந்தது தலை. ஐம்பத்தேழாம் வருஷத்தில் அந்த முடிக்குள் சீப்பு நுழையாது.

“நான் என்ன செய்யணும் தஃபீதா?”

“ஒண்ணும் செய்யக்கூடாது. அவ்வளவுதான்.”

“அது எனக்கு வராதே.”

“பிடிச்சது எதையாவது நினைச்சுக்குங்க. நினைக்கக்கூட வேண்டாம். சும்மா அதுகூட இருங்க.”

அவள் பொத்தானை அழுத்தினாள். தாள் நகர்ந்தது. ஓரத்தில் வழக்கப்படி எழுதினாள்: ‘விழிப்பு, கண் மூடி.’ பெயரை மட்டும் எழுதவில்லை. எட்டுக் கோடுகள், எட்டுப் பாய்கள்.

“மெஷின் வந்த அன்னைக்கு முதல்ல உங்களைத்தானே வச்சுப் பார்த்தீங்க?” என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமல்.

தஃபீதாவின் கையிலிருந்து பென்சில் விழுந்தது. “ஆமா. சும்மா, எழுதுகோல் ஓடுதான்னு பார்க்க.”

“அன்னைக்கு நீங்க எதுகூட இருந்தீங்க?”

“எனக்கென்ன, அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். அதைத் தவிர உலகத்துல வேற ஒண்ணுமே இல்ல அப்ப.” தன் குரல் ஏன் இப்படி இறங்குகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. “அன்வர் போயே ஆறு வருஷம் ஆச்சு டாக்டர். எங்கேயோ ஆரம்பிச்சு எங்கேயோ வந்துட்டோம்.”

“நல்ல மனுஷன்” என்றார் டாக்டர்.

“நல்ல மனுஷன்தான். குறட்டை மட்டும் கொஞ்சம்.”

எழுதுகோல்கள் கொஞ்சம்கூட ஆடவில்லை. ஜன்னல் வழியாகக் கடல்காற்று வந்தது. கால் மணி நேரம் காத்திருந்தாள். திடீரென்று கோடுகள் பெரிதாக, மெதுவாக உருள ஆரம்பித்தன. தஃபீதா தாள்மேல் குனிந்தாள். பிறகு புரிந்தது. அது ஆல்ஃபா இல்லை. சோம்பும் சீமைச் சாமந்தியும் வேலை செய்துவிட்டன. டாக்டர் தூங்கிவிட்டார்.

அவரை எழுப்பி, தலையைத் துடைத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினால் நிஹாத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“யாரோடது மதாம் இது?”

“இதுவா? இது… மஹ்ரூஸோடது.”

வாயில் வந்த முதல் பெயர் அதுதான். அப்போதுதான் மஹ்ரூஸ் டம்ளர் எடுக்க வந்து போயிருந்தார்.

“மஹ்ரூஸ் அண்ணனா?” நிஹாதின் முகம் மாறியது. “விழிப்புன்னு எழுதியிருக்கீங்க. முழிச்சிருக்கிற மனுஷனுக்கு இவ்வளவு மெதுவான அலையா? ஐயோ, மூணு பிள்ளைங்க அவருக்கு.”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இருக்காது. எனக்குத்தான் பென்சில்—”

“நீங்க பென்சில்ல தப்பு பண்ணி நான் பார்த்ததே இல்ல மதாம்.”

தன் பெருமையே தன் கழுத்தைப் பிடிக்கும் என்று தஃபீதா நினைக்கவில்லை. பத்து நிமிஷத்தில் நிஹாத் நடைக்கோடிக்குப் போய் மஹ்ரூஸின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, மூக்கைத் தொடச் சொல்லி, சுடுதண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்று ஸ்டவ்வையும் பூட்டிவிட்டாள்.

மஹ்ரூஸ் நேராகத் தஃபீதாவிடம் வந்தார்.

“மதாம், எனக்கு மூளையில ஏதோ மெதுவா ஓடுதாம். என் பொண்டாட்டி பதினாறு வருஷமா இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கா. நான்தான் நம்பல.”

“உங்களுக்கு ஒண்ணுமில்ல மஹ்ரூஸ். சனிக்கிழமை நானே டாக்டரம்மாகிட்ட சொல்றேன்.”

“நாளைக்கு விழா. நான் டீ தூக்காம என்ன செய்யறது?”

“யாருக்காவது ஏதாவது உதவி செய்யுங்க” என்றாள் தஃபீதா. இதைச் சொன்னதற்காக அவள் பிறகு வருந்தினாள்.

வியாழக்கிழமை காலை அவள் கன்னத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வந்தாள்.

“பல் வலி. வாயைத் திறக்க முடியல. நீயே மெஷினை ஓட்டிரும்மா. நான் பக்கத்துச் சாமான் அறையில உக்காந்திருக்கேன்.”

சாமான் அறைக்கும் டாக்டர் படுக்கப்போகும் சின்ன அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அந்தக் காலத்தில் சாமான் அறையிலும் ஒரு நோயாளியை உட்காரவைப்பார்கள், இவர் முடிந்ததும் அவர் என்று. அதனால் கம்பி செருகும் பெட்டி அங்கேயும் ஒன்று இருந்தது. இரண்டு பெட்டிகளின் வயரும் இயந்திரத்தின் முதுகுக்குத்தான் வரும். விடிந்ததும் விடியாததுமாக வந்து அந்த இரண்டு செருகிகளையும் தஃபீதா இடம் மாற்றிவிட்டாள். இனிச் சாமான் அறையில் இருப்பவரின் அலைதான் தாளில் விழும். பிறகு ஐம்பத்தேழாம் வருஷத்து ரப்பர் தொப்பியை அலமாரியிலிருந்து எடுத்தாள். ஓரமெல்லாம் வெடித்திருந்தது. பசை தடவி மாட்டிக்கொண்டாள். அதன்மேல் முக்காடு. முக்காட்டின்மேல் பல் வலிக் கட்டு. கண்ணாடியில் பார்த்தபோது உப்பிப்போன ஈஸ்டர் ரொட்டி மாதிரி இருந்தாள்.

டாக்டரின் தலையிலும் நிஹாத் எல்லாக் கம்பிகளையும் சரியாகத்தான் ஒட்டினாள். அவை போய்ச் சேருகிற இடம்தான் எங்குமில்லை.

வெளியே இயந்திரத்தைச் சுற்றி முதல்வரும் மாணவர்களும். பக்கத்தில் ஒரு மேசைமேல் சட்டம் போட்ட பழைய தாள். கராபெத்கூடக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“மதாம் தஃபீதாவுக்குப் பல் வலி எப்படியிருக்கு?” என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

“சாமான் அறையில படுத்திருக்காங்க டாக்டர்” என்றாள் நிஹாத்.

“ஓ” என்றார் டாக்டர். “அங்கயா?”

“ஆரம்பிக்கலாமா டாக்டர்? கண்ணை மூடுங்க.”

தஃபீதா கண்ணை மூடினாள். ஐம்பது வயதில், வெடித்த ரப்பருக்குக் கீழே, பொய்ப் பல் வலியோடு நிம்மதியாக இரு என்றால் எப்படி இருப்பது? கடற்கரையை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. நேற்றுக் காற்று வந்த ஜன்னல் நினைவுக்கு வந்தது. அன்னைக்கு நீங்க எதுகூட இருந்தீங்க என்று கேட்ட குரல் வந்தது. அதோடு சும்மா இருந்தாள்.

“வந்துருச்சு” என்று நிஹாத் கூவினாள். “பாருங்க சார், பத்து. அப்படியே பத்து. பழசைப் பக்கத்துல வைங்க.”

“சபாஷ்” என்றார் முதல்வர்.

“கண்ணைத் திறங்க டாக்டர்.”

தஃபீதா திறந்தாள். அலை படுத்தது.

“மூடுங்க. நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே போங்க.”

தொண்ணூத்து மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. அலை மெலிந்தது. எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி நடந்துகொண்டிருந்தது. அறுபத்தஞ்சை எட்டும்போது சாமான் அறைக் கதவு திறந்தது.

“மதாம்” என்றார் மஹ்ரூஸ், மெதுவாக. “பல் வலின்னு சொன்னாங்க. கிராம்பு கொண்டுவந்திருக்கேன்.”

தஃபீதா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

“மதாம்? மயக்கமா? தலையில என்ன வயரு?”

அவள் விரலை உதட்டில் வைத்தாள். மஹ்ரூஸ் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்.

“வாயிலயா வலி? தெரியும் மதாம். ஆ காட்டுங்க. நீங்கதானே சொன்னீங்க, யாருக்காவது உதவி செய்யுங்கன்னு.”

கிராம்பு உள்ளே போய்விட்டது. ஒன்றில்லை, மூன்று.

“கடிங்க. நல்லா மெல்லுங்க. சாறு இறங்கணும்.”

துப்பினால் சத்தம் கேட்கும். விழுங்கினால் அடைக்கும். மென்றாள்.

வெளியே எட்டு எழுதுகோல்களும் பைத்தியம் பிடித்த மாதிரி அடித்துக்கொண்டன. மை முதல்வரின் கழுத்துப்பட்டைமேல் தெறித்தது.

“என்னம்மா இது?” என்றார் முதல்வர்.

“தாடைத் தசை சார். மெல்லுறார்.”

“யார்?”

எல்லோரும் சின்ன ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தார்கள். டாக்டர் ராஃபத் கல்லில் செதுக்கினவர் மாதிரி வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

“மெல்லவே இல்லையே” என்றான் ஒரு மாணவன்.

அப்போது டாக்டரின் தாடை அசைய ஆரம்பித்தது. மெதுவாக, பிறகு மும்முரமாக. வாயில் ஒன்றுமில்லாமல் அவர் மென்றுகொண்டே இருந்தார்.

“மன்னிக்கணும்” என்றார், கண்ணைத் திறக்காமல், கொஞ்சம் உரக்கவே. “கணக்குப் போடும்போது எனக்கு மெல்லுற பழக்கம் உண்டு. சின்ன வயசுலேர்ந்து.”

தடுப்புக்கு இந்தப் பக்கம் தஃபீதா கடவுளுக்கு நன்றி சொன்னாள். இருபத்தேழு வருஷம் கூட இருந்தும் இவருக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று ஆச்சரியமும் பட்டாள். மஹ்ரூஸின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவரும் ஏதோ பெரிய வைத்தியம் நடக்கிறது என்று பயந்து மூச்சுவிடாமல் உட்கார்ந்தார். மறுபடி கண்ணை மூடினாள். வாயெல்லாம் கிராம்பு காரம். ஆனால் மனசு எப்படியோ தானாக இறங்கி அமர்ந்தது. அலை வந்தது.

கைதட்டினார்கள். நிஹாத் தாளைக் கிழித்து, ஓரத்தில் எழுதி, பழைய சட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“இருபத்தேழு வருஷம். கொஞ்சம்கூட மாறல.”

டாக்டர் எழுந்து வந்தார். தலையெல்லாம் பசை. இந்தத் தடவை மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டையும் வெகுநேரம் பார்த்தார்.

“ஆமா” என்றார். “மாறவே இல்ல.”

மாலையும் பஸ்பூஸாவும் பேச்சும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. ‘என் மூளை’ என்று அவர் பேச்சில் ஒரு தடவையும் சொல்லவில்லை. முதல்வர்தான் பத்துத் தடவை சொன்னார். தஃபீதா கிராம்பு மணத்தோடு கடைசி வரிசையில் நின்றாள். டாக்டர் கூட்டத்துக்கு நடுவிலிருந்து திரும்பி, “கராபெத், ரெண்டு சட்டத்தையும் நல்லாக் கட்டிக் குடுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்” என்று சொன்னது அவள் காதில் விழுந்தது.

அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. அவர் மானம் தப்பிவிட்டது, சரி. ஆனால் அந்த மனுஷர் இனிமேல் சாகும்வரை வீட்டுச் சுவரில் இரண்டு பொய்களை மாட்டிவைத்துத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டுமா? ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும்.

சனிக்கிழமை முதல் வேலையாக மஹ்ரூஸின் தலையில் கம்பி ஒட்டி, நிஹாத் முன்னாலேயே ஒரு தாள் எடுத்தாள். தங்கமான அலை. ஸ்டவ் பூட்டு திறந்தது. பிறகு வீட்டில் சமையல் குறிப்பு நோட்டுக்குள் இருபத்தேழு வருஷமாக மடித்து வைத்திருந்த அந்தப் படுத்த பாய்த் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு டிராம் ஏறினாள். அதை ஏன் கிழித்துப்போடாமல் வைத்திருந்தாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கராபெத் இரண்டு சட்டங்களையும் மேசையில் வைத்துக் கட்டத் தயாராக இருந்தார். பழையதைப் பின்பக்கம் திறந்து போட்டிருந்தார்.

“நல்லவேளை, இன்னும் கட்டல” என்றாள் தஃபீதா. “கராபெத், ஒரு காரியம் செய்யுங்க, ஏன்னு கேக்காதீங்க. இந்தப் பழைய தாளை எடுத்துட்டு அந்த இடத்துல இதை வைங்க. டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன்.”

கராபெத் அவள் நீட்டிய தாளை வாங்கினார். பென்சில் எழுத்தைப் படித்தார். படுத்துக் கிடந்த கோடுகளைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“இதுக்கு வேணும்னா மூணாவதா ஒரு சட்டம் போட்டுத் தரேன் மதாம். பழசை எடுக்க அவர் விடமாட்டார். முதல்ல சட்டம் போட வந்த அன்னைக்கே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இதே இடத்துல நின்னார், ஓரத்துல எழுத்து இருக்கே, வெட்டிரவான்னு கேட்டேன், ‘வெட்டாதே, யாருக்கும் தெரியாம உள்ள மடிச்சு வை’ன்னார், இப்பக் கண்ணாடி மாத்தும்போது பார்த்தா பென்சில் மங்கிப்போயிருக்கு, உங்க பேர்மேல ஒரு தடவை மை வச்சு எழுதிரவா?”